பார்க் சுவரும் மங்கி குல்லா சாரும்

பார்க்குக்குள் நுழைவதற்கு முன்னால் எல்லோரும் வாசலில் நாய் படுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் சுவரைப் பார்ப்பேன். ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று சிவப்பு எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கும் அந்தச் சுவரில்தான் எங்கள் பகுதிச் சாவுகள் அத்தனையும் ஒட்டப்படுகின்றன. மேலே கண்ணீர் வடிக்கும் இரண்டு கண்கள், நடுவில் போட்டோ, கீழே பிறப்பு, இறப்பு, அதற்கும் கீழே வருந்தும் குடும்பத்தார். புதுசாக ஒன்று ஒட்டியிருந்தால் முதலில் வயதைக் கணக்குப் போடுவேன். என்னைவிட மூத்தவர் என்றால் கொஞ்சம் மூச்சு வரும். இளையவர் என்றால் அன்றைக்கு எனக்கு நடை ஓடாது.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் வெட்கமில்லை. இந்த வயசுக்கு மேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது. குரோம்பேட்டையில் ஒரு தோல்பை கம்பெனியில் குறை பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். தைத்து முடித்த பை என் மேஜைக்கு வரும். தையல் பிசகியிருக்கிறதா, தோலில் வடு இருக்கிறதா, ஜிப் சிக்குகிறதா என்று பார்த்து, தேறாததை ஒதுக்கி வைக்க வேண்டும். நல்லது கண்ணில் படாது, கெட்டது மட்டும்தான் படும். ரிட்டயர் ஆன பிறகும் கண் அப்படியே நின்றுவிட்டது. பேருந்தில் ஏறினால் பிரேக் சத்தத்தைக் கேட்பேன், கல்யாணத்துக்குப் போனால் பந்தல் கால் ஊன்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். “பொண்ணு மாப்பிள்ளையைப் பாருங்க, பந்தக்காலை ஏன் பாக்கறீங்க” என்பாள் என் மனைவி.

பார்க் இருப்பது பல்லாவரத்தில், கன்டோன்மென்ட்டை ஒட்டிய பழைய தெருக்களுக்கு நடுவில். வெள்ளைக்காரன் காலத்து வீடுகள் நாலைந்து அங்கே இன்னும் மிச்சம் இருக்கின்றன. காரை பெயர்ந்த தூண், மேலே ஓடு, முன்னால் கார் நிறுத்தத் தகரக் கொட்டகை. மீதியெல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டது. பார்க் மொத்தமே ஒரு கல்யாண மண்டபம் அளவுதான். சிப்பாய்கள் அணிவகுத்து நின்ற இடம் என்பார் ஒருத்தர், இல்லை, குதிரை கட்டின இடம் என்பார் இன்னொருத்தர். ஆதாரம் இரண்டு பேரிடமும் கிடையாது. கம்பி போட்டு மூடிய ஒரு கிணறு, எழுத்து தேய்ந்துபோன ஒரு கல் பெஞ்சு, தூங்குமூஞ்சி மரங்கள், துருப்பிடித்த உடற்பயிற்சிச் சாமான்கள், நடுவில் எட்டு வடிவத்தில் நடைபாதை. எட்டு நடந்தால் சர்க்கரை இறங்கும், பிரஷர் இறங்கும், முட்டி வலி போகும் என்று யாரோ கிளப்பிவிட, ஊரே எட்டு போடுகிறது. தலைக்கு மேல் விமானம் தாழ்வாகப் போகும்போது பேச்சு பாதியில் நிற்கும். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். வெள்ளிக்கிழமை சந்தையன்று பார்க் வேலி வரைக்கும் தார்ப்பாய் கட்டி, பழைய மிக்சியும் புறாக் கூண்டும் ரோஜாத் தொட்டியும் வந்து உட்கார்ந்துவிடும்.

எட்டு நடப்பவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாரும் யார் பெயரையும் கேட்பதில்லை. பெயரைக் கேட்டால் சொந்த ஊரைக் கேட்க வேண்டும், ஊரைக் கேட்டால் இன்னும் என்னென்னவோ கேட்கத் தோன்றும், அப்புறம் வீட்டுக்குப் போகணும், கல்யாணப் பத்திரிகை வைக்கணும். எதற்கு இந்த வம்பு என்று அவரவர் அடையாளத்தோடு நிறுத்திக்கொண்டோம். ரயில்வேயில் இருந்தவர் ரயில்வே சார். நான் தோல் சார். யாராவது தொடர்ந்து சில நாள் வரவில்லையென்றால் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வோம். பிறகு ஒரு நாள் சுவரில் போட்டோவைப் பார்த்து, ‘அட, இவர் பேர் இதுவா’ என்போம். உயிரோடு இருக்கும்வரை அங்கே யாருக்கும் பெயர் கிடையாது.

எனக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கும்போது வலி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்றும் சொன்னார். அடுத்து வந்தால் பைபாஸ்தான், வேறு வழியில்லை என்றும் சொன்னார். டாக்டர் சொன்னதில் நடையை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். காரணம் என் அண்ணன். பைபாஸுக்காக ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம்தான் கொடுத்தான். “பத்திரமா வச்சிரு, வந்து வாங்கிக்கறேன்” என்று சிரித்தான். வெள்ளைத் துணி மூடித்தான் வெளியே வந்தான். அதற்குப் பிறகு ‘பைபாஸ்’ என்று யாராவது சாலையைச் சொன்னால்கூடப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கார்த்திகை மாதம், பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவர் புதிதாக பார்க்குக்கு வர ஆரம்பித்தார். உயரமான, அகலமான ஆள். கழுத்து வரை இறங்கும் மங்கி குல்லா. நம் ஊர்ப் பனிக்கு அது ரொம்ப அதிகம், ஆனால் நம் ஊரில் அதைப் போடாத கிழவர்களும் இல்லை. குல்லாவின் ஓட்டை வழியாகத் தெரிந்ததுதான் அவர் முகம்: தடித்த கண்ணாடி, அகல மூக்கு, வெள்ளை மீசை. வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார் என்பதால் குல்லா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ரயில்வே சார் அவருக்கு மங்கி குல்லா சார் என்று பெயர் வைத்தார். அவருடைய அப்பா காலத்தில் அவர்கள் இந்த ஊரிலேயே ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்களாம். இப்போது அதே நிலத்தில் போர்ஷன் போர்ஷனாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இதை அவரேதான் சொன்னார், கேட்காமலே.

ஒரு நாள் காலை, எட்டின் மேல் வளைவில் திரும்பும்போது என் நெஞ்சு நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியது மாதிரி இருந்தது. நின்றேன். விரல் எடுபடவில்லை. கிணற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கல் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். கை சில்லிட்டது, நெற்றியில் வியர்வை. சுவரில் என் போட்டோ எப்படி இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. எந்தப் போட்டோவைக் கொடுப்பார்கள்? ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிவிடுவார்களோ என்று வேறு பயம்.

பக்கத்தில் யாரோ பொத்தென்று உட்கார்ந்தார்கள். மங்கி குல்லா.

“இன்னா சார், இன்னா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வாயு.”

“வாயுக்கு இப்டியா நெஞ்ச புடிச்சிகினு குந்துவாங்க? வேர்த்துக் கொட்டுது பாரு. பேசாத. மூச்ச வுடு.”

மூச்சு விட்டேன். விரல் மெதுவாகத் தளர்ந்து, கடைசியில் இல்லாமல் போனது. அப்புறம் அவர் கேட்டார். “வூட்ல தெரியுமா?”

“ஸ்டென்ட் வச்சது தெரியும்.”

“அத வுடு. இந்த வலி தெரியுமா?”

விமானம் ஒன்று வந்தது. அது போகும்வரை எனக்கு அவகாசம். போனதும் அதே கேள்வியை அவர் மறுபடியும் கேட்டார். இனி தப்பிக்க முடியாது என்று, டாக்டர் சொன்னதையும் அண்ணன் கதையையும் சொன்னேன். பெயர் தெரியாத ஆளிடம் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. சொன்னபிறகுதான் தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்தது.

“இந்தா சார். பொங்கல் வரிக்கும் பாப்பேன். அதுக்குள்ள நீ வூட்ல சொல்லிட்டின்னா நல்லது. இல்லாட்டி நானே வந்து உங்க அம்மா கைல சொல்லிடுவேன்.” மனைவியைத்தான் அம்மா என்றார். “உன் வூடு எனக்குத் தெரியும். வாசல்ல முருங்க மரம் கீதே, அதான?”

அதேதான். எனக்கு இவர் பெயர்கூடத் தெரியாது, இவருக்கு என் முருங்கை மரம் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். ஒன்று நெஞ்சுக்குள்ளே, இன்னொன்று குல்லாவுக்குள்ளே. எட்டு நடைபாதையில் ஒரு சங்கடம் உண்டு. வட்டமாக இருந்தால் ஒருவர் பின்னால் ஒருவர் போய்க்கொண்டே இருக்கலாம், முகத்தைப் பார்க்க வேண்டாம். எட்டில் நடுவே இரண்டு பாதையும் குறுக்கே வெட்டும். எப்படி நடந்தாலும் அங்கே வந்துதான் ஆகணும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்து, குல்லாவுக்குள் புருவத்தைத் தூக்குவார். சொல்லிட்டியா? நான் உதட்டைப் பிதுக்குவேன். அடுத்த சுற்று, மறுபடியும் புருவம். அவருக்கு எதிர்த்திசையில் நடந்து பார்த்தேன், அவர் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தேன். வாசலிலேயே நின்று புருவத்தைத் தூக்கினார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. சொன்னால் டெஸ்ட் எடுப்பார்கள். டெஸ்ட் எடுத்தால் அடைப்பு தெரியும். தெரிந்தால் அறுப்பார்கள். அறுத்தால் அண்ணன். சொல்லாவிட்டால் இன்றைக்குச் சாயங்காலம் காபி உண்டு. இவ்வளவுதான் கணக்கு. இதில் என்ன ஓட்டை என்று அடுத்தவர் பையில் ஊசித் துளையைக்கூடக் கண்டுபிடிக்கிற எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் கண் அவிந்துவிடுகிறது.

வலி வாராவாரம் நெருங்கி வந்தது. முதலில் எட்டின் மேல் வளைவில். அப்புறம் பார்க் வாசலில். அப்புறம் மாடிப்படியில். கடைக்குப் போகும்போது பாதியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிவேன். மனைவி, “ஏன் நீங்க மாடிக்கு வர்றதே இல்ல?” என்று கேட்டாள். முட்டி வலி என்றேன். அதை நம்பி, நொச்சி இலையைக் காய்ச்சி முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாள். கீழே உட்கார்ந்து, துணியை நனைத்துப் பிழிந்து, வலிக்காத முட்டியில் வைத்து வைத்து எடுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போகிக்குச் சில நாள் முன்னால் மங்கி குல்லா சார் பார்க்குக்கு வருவதை நிறுத்தினார். பொங்கல் வேலை இருக்கும், வாடகை வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிப்பார் என்றார் ரயில்வே சார். எனக்கு நிம்மதி வரவில்லை. கெடு நெருங்க நெருங்க ஆள் காணாமல் போனால் என்ன அர்த்தம்? நேரே வீட்டுக்கு வரத் தயாராகிறார் என்று அர்த்தம். போகியன்று தெரு முழுக்க டயர் புகை. அந்தப் புகையில் மூச்சு வாங்கி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். புகைக்குள்ளிருந்து ஒரு குல்லா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பொங்கலன்று காலை பானை பொங்குகிற சமயம் வாசல் மணி அடித்தது. கையிலிருந்த மஞ்சள் கொத்து கீழே விழுந்தது. “போய்ப் பாருங்க, பால் வழியுது, என்னால எழுந்துக்க முடியாது” என்றாள் மனைவி. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மறுபடியும் மணி அடித்தது. திறந்தேன். எதிர்வீட்டுப் பெண், கையில் கரும்புத் துண்டு. “ஹேப்பி பொங்கல் அங்கிள்” என்றது. என் முகத்தைப் பார்த்து அதுவே பயந்துவிட்டது.

பொங்கல் போயிற்று, மாட்டுப் பொங்கல் போயிற்று, காணும் பொங்கலும் போயிற்று. அவர் வரவில்லை. மறுநாள் காலை பார்க்குக்குப் போனபோது சுவருக்கு முன்னால் ரயில்வே சார் நின்றிருந்தார். பசை இன்னும் ஈரமாக இருந்தது. புது போஸ்டர்.

“தோல் சார், இங்க வாங்க. நம்ம மங்கி குல்லா.”

போட்டோவில் கோட்டு போட்ட ஒரு ஆள். தலைக்கு மட்டும் கறுப்பு மை பூசிய அடர்த்தியான முடி. கோட்டு அவருடையதில்லை, ஸ்டூடியோக்காரன் ஒட்டவைத்தது. “இவரா?” என்றேன். யாரோ மாதிரி இருந்தது.

“குல்லா இல்லாம அப்படித்தான் இருக்கும். இப்பப் பாருங்க.” ரயில்வே சார் தன் இரண்டு உள்ளங்கைகளையும் போஸ்டரில் வைத்தார். ஒன்று தலைமுடியை மறைத்தது, இன்னொன்று காதையும் தாடையையும் மறைத்தது. நடுவில் மிஞ்சியது தடித்த கண்ணாடி, அகல மூக்கு, வெள்ளை மீசை.

அவரேதான்.

உள்ளே முதலில் என்ன வந்தது என்பதை மறைக்க மாட்டேன். இனி யாரும் என் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள் என்றுதான் வந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி ஓர் ஆறுதல். அடுத்த மூச்சிலேயே பயம் அதைத் தின்றுவிட்டது. இவ்வளவு பெரிய உடம்பு, என்னைத் திட்டிக்கொண்டு, எனக்குக் கெடு வைத்துக்கொண்டு, எட்டு போட்டுக்கொண்டிருந்த உடம்பு. அதுவே சுவருக்குப் போய்விட்டதென்றால் என் முறை எவ்வளவு தூரம்?

போஸ்டரில் வீட்டு விலாசம் இருந்தது. சந்தைக்குப் பக்கத்துப் பூக்கடையில் ரயில்வே சார் ஒரு ரோஜா மாலை வாங்கினார். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு, “எவ்வளவு நல்ல மனுஷன்” என்றார். அவருடன் ரயில்வே சார் நாலு வார்த்தைகூடப் பேசியதில்லை.

தெருவை அடைத்துச் சாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். மேளக்காரர்கள் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஐஸ் பெட்டி. கண்ணாடி மூடிக்குள்ளே எட்டிப் பார்த்தேன். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று. வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையிலிருந்து உச்சந்தலைக்கு வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். காது மறைந்து, முடி மறைந்து, ஓட்டையில் தெரிகிற அதே முகம். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. கண் மூடியிருந்தது, புருவம் மட்டும் கொஞ்சம் தூக்கின மாதிரி இருந்தது. ரயில்வே சார் மாலையை என் கையில் கொடுத்தார். பெட்டி மேல் வைத்தேன். வைத்த வேகத்தில் இரண்டு ரோஜா உதிர்ந்து சறுக்கிக் கீழே விழுந்தன.

“வந்துட்டியா சார்.”

என் காதுக்குப் பின்னால். அதே குரல்.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்ணாடிக்குள் உதடு அசைந்ததா என்றுதான் பார்த்தேன். உடம்பில் இருக்கிற ரத்தம் மொத்தமும் கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. நெஞ்சுக்குள் கட்டைவிரல் வந்து உட்கார்ந்தது. ரயில்வே சார் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கை என் தோளைப் பிடித்துத் திருப்பியது. முன்னால் நின்றவரை நான் பார்த்ததே இல்லை. முழு வழுக்கை, பெரிய காது, காதில் கத்தையாக முடி. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நடுவில் இருந்த முகம் தெரிந்தது.

“என் தம்பி சார்,” என்றார். “ரெண்டு வயசு சின்னவன். கிட்னி போயி ரொம்ப நாளா பட்துகினு இருந்தான். ஆஸ்பத்திரிலயே கெடந்தேன், அதான் பார்க்காண்ட வர முடில.” மாலையைப் பார்த்தார், ரயில்வே சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் யாருக்காக அந்த மாலையை வாங்கினோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோபம் வரவில்லை. உதிர்ந்த ரோஜாவைப் பொறுக்கித் தம்பியின் கால்மாட்டில் வைத்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ புதிதாக வந்து அழ ஆரம்பித்தார்கள். அவர் அந்தப் பக்கம் போக ஓர் அடி எடுத்துவைத்தவர், திரும்பி என் காதருகே குனிந்தார். தம்பி பெட்டியில் கிடக்கிறான், கண் சிவந்து வீங்கியிருக்கிறது, அந்த நிலைமையில் கேட்கிறார்.

“வூட்ல சொல்லிட்டியா?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கு மட்டும் கைவந்த ஆட்டல் அது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

“நல்லது பண்ண சார். போதும்,” என்று என் முதுகைத் தட்டினார். முகத்தில் ஒரு நிமிஷம் துக்கம் போய் வேறு ஏதோ வந்தது. எனக்காகச் சந்தோஷப்பட்டார். அந்த இடத்தில் நிற்க என்னால் முடியவில்லை. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. ரயில்வே சார் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டு வாசலுக்கு வரும்போது விரல் இன்னும் எடுபடவில்லை. சாவுக்குப் போனதை மனைவிக்குப் போனில் சொல்லியிருந்தேன். அவள் பக்கவாட்டுச் சந்தில் மாற்று வேட்டியோடு நின்றிருந்தாள். “எதையும் தொட்றாதீங்க. என் மேலயும் பட்றாதீங்க, இப்பத்தான் விளக்கு ஏத்தினேன். நேரா பாத்ரூம் போயி தலைக்கு ஊத்திக்குங்க, சட்டையை அப்படியே தண்ணில போட்டுடுங்க” என்றாள். வேட்டியை என் கையில் கொடுக்காமல் கொடியில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தை மாதத் தண்ணீர். முதல் சொம்பைத் தலையில் ஊற்றியதும் மூச்சு நின்று வந்தது. இரண்டாவது சொம்பைத் தூக்கும்போது கட்டைவிரல் முஷ்டியாகிவிட்டது. இடது தோள், கழுத்து, தாடை என்று வலி ஏறியது. சொம்பு கையை விட்டு உருண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தேன். ஈரத் தரை. வெளியே அவள் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. உள்ளே நான், நடுவில் தாழ்ப்பாள்.

நான் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். அதைவிட, முட்டி வலிக்காரன் பாத்ரூமில் விழுந்து செத்தான் என்றுதான் இவள் கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். வலிக்காத முட்டிக்கு ஒத்தடம் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி அழுவாள். அந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை நாள் நான் பட்ட பயமெல்லாம் என்னைப் பற்றியது. இது அவளைப் பற்றியது. தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை எட்டித் தள்ளினேன். அவளைக் கூப்பிட்டேன். வலிக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பயமா இருக்கு,” என்றேன்.

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. மேலே படக் கூடாது என்றவள், ஈரத்தோடு என்னை அள்ளித் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். புடவை முழுக்கத் தண்ணீர். நான் நெஞ்சைக் காட்டினேன்.

“எப்பலேந்து?”

“கார்த்திகைலேந்து.”

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைத் தேடி எடுத்து வைத்தாள். எனக்குச் சட்டை போட்டுவிட்டாள். பொத்தான் மாட்டும்போது அவள் விரல் துளையைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தது. ஆட்டோ வந்தது.

அப்புறம் நடந்தது ஆஸ்பத்திரிக் கதை. எதற்குப் பயந்து ஓடினேனோ அதைத்தான் செய்தார்கள். நெஞ்சை அறுத்தார்கள், பிழைத்தேன், எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுத்ததைப் பற்றி எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது அந்த ஆட்டோதான். ஜி.எஸ்.டி ரோட்டில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே சிக்னலில் மாட்டிக்கொண்டு நின்றோம். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஈரப் புடவையை மாற்றக்கூட இல்லை, குளிரில் பல் கிட்டியது. அழவில்லை, திட்டவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

“பக்கத்துலதானே படுத்திருந்தேன்,” என்றாள். “தினமும் ராத்திரி உங்க பக்கத்துலதானே படுத்திருந்தேன்.”

சிக்னல் விழுந்து ஆட்டோ கிளம்பிய பிறகும் அவள் என் மணிக்கட்டை விடவில்லை.